வீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் காரணமா?

24 ஜூன் 2022 – டெட்ராய்ட் வாசகர் தொடங்கி வைத்தது

“கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் கவிழ்த்துவிட்டது. அழுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: 2016 நவம்பர் அதிபர் தேர்தலில் எங்கே இருந்தீர்கள்? வீட்டில் உட்கார்ந்தவர்களும் பச்சைக் கட்சிக்குப் போட்டவர்களும் இன்று வாயைத் திறக்கக் கூடாது. இன்று கவிழ்த்த நீதிபதிகளில் மூவரை நியமித்தவர் டிரம்ப். எங்கள் மிச்சிகனில் அவர் ஜெயித்த வித்தியாசம் 10,704 ஓட்டு. பச்சைக் கட்சி வாங்கியது 51 ஆயிரத்துக்கும் மேல். கணக்கு முடிந்தது.”

24 ஜூன் 2022, இரவு 10.40

கணக்கு முடியவில்லை ஐயா. நான் மில்வாக்கி பக்கம். எங்கள் விஸ்கான்சினில் டிரம்ப் ஜெயித்தது 22,748 ஓட்டில். அந்த ஆண்டு நானும் ஓட்டுப் போட்டவள்தான், உங்கள் வசவு என் மேல் விழாது. அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆன பிறகு ஹிலாரி கிளின்டன் எங்கள் மாநிலத்தில் எத்தனை கூட்டம் பேசினார் தெரியுமா? பூஜ்யம். ஏப்ரலில் உட்கட்சித் தேர்தல் முடிந்தது, அதன்பின் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. மில்வாக்கி நகரத்தில் மட்டும் 2012-ஐவிட ஏறத்தாழ 41 ஆயிரம் ஓட்டு குறைந்தது. பெண் கேட்டே வராத வீட்டில் கல்யாணம் நின்றுபோனதற்குப் பெண்ணைத் திட்டுகிறீர்கள்.

இன்று காலை தீர்ப்பு வந்தது. சில மணி நேரத்துக்குள் இங்கே கருக்கலைப்புச் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். காரணம் 1849-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. தாயின் உயிர் போகும் நிலை என்றால் மட்டும் விலக்கு. ரோ இருந்தவரை அது செத்த பாம்பு, இன்று எழுந்துவிட்டது. அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-ல். அதற்கும் 71 ஆண்டுகள் முன்னால் எழுதிய சட்டம் இது.

மகள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள், “அம்மா, 2016-ல் நீ போட்டாயா?” “போட்டேன்” என்றேன். அவளுக்கு வயது 20. தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தாள்.

25 ஜூன் 2022, காலை

நியூஜெர்சி வாசகர், ரோ பக்கம் நின்ற உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க்கை இழுத்து வந்திருக்கிறார். இழுக்க வேண்டியதுதான். 2013-ல் ஒபாமா மதிய விருந்துக்கு அழைத்தபோது அவருக்கு 80 வயது, நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல் தரும் செனட் ஜனநாயகக் கட்சியின் கையில். ஓய்வு பெறவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே செனட் குடியரசுக் கட்சிக்குக் கைமாறியது. 2020 செப்டம்பரில் இறந்தார். அக்டோபர் 26-ல் டிரம்ப் நியமித்த ஏமி கோனி பாரெட் உள்ளே. அதிபர் தேர்தலுக்கு எட்டே நாள்! 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தபோது “தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும்” என்று, ஒபாமா முன்மொழிந்த கார்லண்டை வாசலிலேயே நிறுத்தி வைத்த அதே மெக்கானல்தான், செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர், இதையும் செய்தார்.

ஆகவே பழியைக் கிழவி தலையில் மட்டும் கட்டுவதும் சரியில்லை. ஒருவர் பதவியை விடாததால் 50 ஆண்டு உரிமை கவிழும் என்றால், அந்த உரிமையை எதன் மேல் கட்டி வைத்திருந்தார்கள்?

இன்னொன்று. நேற்று மாலைக்குள் என் மின்னஞ்சல் பெட்டியில் நிதி கேட்டு ஐந்து கடிதங்கள். எல்லாவற்றிலும் 15 டாலர். துக்க வீட்டு வாசலில் உண்டியல் வைத்த மாதிரி இருந்தது.

25 ஜூன் 2022, பிற்பகல்

ஜனநாயகக் கட்சிக்கு அறுபது இடம் இருந்ததே! 2009-ல் செனட்டில் அறுபது. தடுத்துப் பேசியே மசோதாவைக் கொல்லும் வித்தையை உடைக்கத் தேவையான எண் அதுதான். 2007-ல் ஒபாமா கொடுத்த வாக்குறுதி, பதவிக்கு வந்தால், கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்கும் தேர்வுச் சுதந்திரச் சட்டத்தில் முதலில் கையெழுத்திடுவேன் என்பது. 2009 ஏப்ரல் செய்தியாளர் கூட்டத்தில் அதையே கேட்டபோது, அது தம் தலையாய சட்ட வேலை இல்லை என்றார். ஐம்பது ஆண்டு தூங்கியவர்கள் இன்று வாக்காளரைப் பார்த்து ஏன் தூங்கினாய் என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

26 ஜூன் 2022

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். வாஷிங்டன் பக்கத்து நண்பர் ஒருவர் பிடித்துக் காட்டிவிட்டார். அந்த அறுபதில் எல்லோரும் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவானவர்கள் இல்லை. நெப்ராஸ்காவின் பென் நெல்சன் போன்றவர்களும் சேர்ந்ததுதான் அறுபது. அந்த எண்ணும் சில மாதங்களே நீடித்தது. சட்டம் கொண்டுவந்திருந்தால் தோற்றிருக்கும்.

ஆனாலும் வாக்கெடுப்பு நடத்தித் தோற்பது ஒன்று, எடுக்காமலே விடுவது வேறு. தோற்றிருந்தால் யார் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஆண்டு பிப்ரவரியிலும் மே மாதத்திலும் எடுத்தார்கள், 46-48, 49-51 என்று தோற்றார்கள். திருடன் கொல்லையைத் தாண்டிய பிறகு விளக்கைப் போட்டார்கள்.

டெக்சஸ் கதை கேட்டால் இன்னும் எரியும். தீர்ப்பின் வரைவு மே 2-ல் கசிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரியும். அதே மே மாதம் 24-ல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இறுதிச் சுற்று. ஒரு பக்கம் ஹென்றி குவெயர், கருக்கலைப்பு உரிமையை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சி எம்.பி. மறுபக்கம் ஜெசிகா சிஸ்நெரோஸ், ஆதரிக்கும் இளம் வழக்கறிஞர். ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் பெலோசி யாருக்கு ஆதரவு? குவெயருக்கு. அவர் ஜெயித்தது 289 ஓட்டில். பிறகு அந்தத் தொகுதி இளைஞனிடம் போய் “நவம்பரில் எங்கே இருந்தாய்” என்று கேட்க முடியுமா?

26 ஜூன் 2022, சற்றுப் பின்

குடியரசுக் கட்சிச் செனட்டர் சூசன் காலின்ஸ் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: ஆம், டிரம்ப் முன்மொழிந்த நீதிபதி கவனா ரோ தீர்ப்பை மதிப்பார் என்று நம்பி 2018-ல் அவர் நியமனத்துக்கு ஓட்டளித்தவர்தான். இப்போது ஏமாற்றப்பட்டேன் என்கிறார். எங்கள் தெருப் பூனை அடுப்படியில் பால் குடிக்காது என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன்.

3 ஆகஸ்ட் 2022

கன்சாஸ்! இரவு முழுக்க விழித்திருந்தேன்.

மாநில அரசியல் சட்டத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை எடுக்கலாமா என்று கேட்ட வாக்கெடுப்பு. 59 சதவீதம் பேர் “வேண்டாம்” என்றார்கள். 2020-ல் டிரம்ப் 15 புள்ளி போல முன்னிலை பெற்ற மாநிலம். ஆகஸ்டில், உட்கட்சித் தேர்தலோடு வைத்ததே தந்திரம். கட்சி சாராதவர்கள் ஒரு கட்சியில் பதியாமல் அங்கே உட்கட்சித் தேர்தலில் ஓட்டளிக்க முடியாது என்பதால் வழக்கமாக அந்தப் பக்கம் வருவதே இல்லை. உரிமை வேண்டும் என்பவர் “இல்லை” என்று குத்த வேண்டும், வேண்டாம் என்பவர் “ஆம்” என்று குத்த வேண்டும். தலைகீழ்க் கேள்வி. முதல் நாள் கைபேசிகளுக்குக் குழப்பக் குறுஞ்செய்திகள் வேறு. அத்தனையையும் தாண்டி 9 லட்சத்துக்கும் மேல் வந்து போட்டார்கள்.

டெட்ராய்ட் ஐயா, இவர்களில் எத்தனை பேர் 2016-ல் வீட்டில் இருந்தவர்கள்? கட்டாயம் இருப்பார்கள். எந்த ஆளுக்கு என்று கேட்டபோது வராதவர்கள், எந்த உரிமை என்று கேட்டபோது வந்தார்கள். அவ்வளவுதான் என் வாதம்.

4 ஆகஸ்ட் 2022

ஊரில் தேர்தல் எப்படி இருந்தது என்று யாரோ கிளறிவிட்டீர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் பாட்டி நடக்க முடியாதவள். வாக்குப்பதிவு அன்று காலை எட்டு மணிக்கே ஒரு கட்சிக்காரர் அம்பாசடர் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். பாட்டி அதில் ஏறிப் போய், எதிர்க் கட்சிக்குப் போட்டுவிட்டு, அதே காரில் திரும்பி வருவாள். மை வைத்த விரலை மாலைவரை சேலைத் தலைப்பில் படாமல் தூக்கியே வைத்திருப்பாள். மதியம் மூன்று மணிக்கு வாக்காளர் பட்டியலோடு இரண்டு பையன்கள் வந்து, “ஆச்சி போட்டாச்சு, இந்த வீட்டில் இன்னும் இரண்டு பாக்கி” என்று வாசலில் நின்று சத்தம் போடுவார்கள்.

(காசும் கொடுத்தார்களே என்கிறார் ஒருவர். கொடுத்தார்கள்தான். அதை மறைத்து ஊரைப் புனிதமாக்கும் எண்ணம் எனக்கில்லை.)

இங்கே 2013-ல் குடியுரிமை வாங்கினேன். இதுவரை என் கதவை ஒருவர்கூடத் தட்டியதில்லை.

6 ஆகஸ்ட் 2022

கதவு தட்டுவதில் அனுபவமுள்ள சிகாகோ வாசகரின் விளக்கம்: பிரசாரக் குழுக்கள் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. தொடர்ந்து ஓட்டளிக்கிறவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்களையே நான்கு முறை பார்ப்பார்களாம். எப்போதாவது வருகிறவர், புதியவர், பெயரை உச்சரிக்க முடியாதவர் எல்லாம் பட்டியலின் அடியில். நேரமும் ஆளும் குறைவு என்பது காரணம். போன தேர்தலில் பசித்திருந்தவனுக்கு இந்தத் தேர்தலிலும் இலை போடாத பந்தி.

17 அக்டோபர் 2022

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். ஊர், பெயர், வேலை எதுவும் சொல்லப் போவதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் மகள். 22 வயது. அம்மாவிடம் சொல்ல முடியாத நிலை, என்னிடம் சொன்னாள். எல்லை தாண்டினால் இல்லினாய், அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்தான் காரை ஓட்டினேன். மழை. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் உப்பு பிஸ்கட் வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன், ஒன்றுகூடத் தின்னவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் பாதிக்குப் பாதி விஸ்கான்சின் எண் பலகை.

திரும்பும்போது அவளாகவே பேசினாள். ஜூன் 22 அன்று ஜனநாயகக் கட்சி ஆளுநர் எவர்ஸ் 1849 சட்டத்தை நீக்க, குடியரசுக் கட்சியின் கையில் இருந்த மாநிலச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினாரே, அந்தக் காணொளியைப் பார்த்தாளாம். தலைவர் சுத்தியலைத் தட்டுகிறார், கூட்டம் தொடங்கியது. இன்னொரு தட்டு, முடிந்தது. சில விநாடிகள். “நான் பல் தேய்க்கிற நேரம்கூட இல்லை” என்றாள்.

இங்கே 2018-ல் சட்டமன்றத்துக்கு விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கிய ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த இடம் 99-ல் 36. தொகுதி எல்லைகளை அப்படி வெட்டியிருக்கிறார்கள். மிச்சிகனைப் போல மக்களே கையெழுத்து திரட்டிக் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றவும் எங்கள் மாநிலத்தில் வழி கிடையாது. அந்தப் பெண்ணிடம் உன் ஓட்டு மதிப்புள்ளது என்று சொல்ல வாயெடுத்தேன். சாலையில் லாரி ஒன்று குறுக்கே வந்தது, அதைச் சாக்காக வைத்து விட்டுவிட்டேன்.

10 நவம்பர் 2022

டெட்ராய்ட் ஐயாவுக்கு வாழ்த்து. மிச்சிகனில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கும் மூன்றாவது பிரேரணை 56.7 சதவீதத்தில் நிறைவேறிவிட்டது. கென்டக்கியிலும் உரிமையைப் பறிக்கும் திருத்தம் தோற்றது. கென்டக்கி, மெக்கானலின் மாநிலம்! இங்கே எவர்ஸ் மீண்டும் ஆளுநர். ஆனால் குடியரசுக் கட்சியின் ரான் ஜான்சன் 27 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் செனட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒரே நாள், ஒரே சீட்டு, ஒரே மக்கள். இதில் யாரைத் திட்டுவது?

அந்தப் பிரேரணையை வாக்குச்சீட்டில் ஏற்ற ஐயா கோடையெல்லாம் கையெழுத்து வாங்கினாராம். மாநிலம் முழுக்கச் சேர்ந்தது 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல், மிச்சிகனில் அதுவரை காணாத எண்ணிக்கை. அவரிடம் தனியாகக் கேட்டேன்: “கதவைத் தட்டியபோது, 2016-ல் எங்கே இருந்தீர்கள் என்று எத்தனை பேரைக் கேட்டீர்கள்?”

பதில் வந்தது: “ஒருவரையும் இல்லை. கேட்டால் யாரம்மா பேனாவை வாங்குவார்கள்?”

இரண்டு நாளாக இதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் காரில் அழைத்துப் போன பெண் ஓட்டுப் போடவில்லை. விசாரிக்கப் போகவில்லை, அவளே சொன்னாள். அன்று வேலை நேரம் மாறிவிட்டதாம்.

5 ஏப்ரல் 2023

நேற்று எங்கள் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தல். இங்கே நீதிபதியையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இளவேனிலில், வேறு பெரிய தேர்தல் எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமையில், யாருக்கும் நினைவிருக்காத நாளில். 2019-ல் இதே போன்ற தேர்தலில் 12 லட்சம் ஓட்டு, முடிவு ஆறாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். நேற்று 18 லட்சத்துக்கும் மேல். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த ஜேனட் புரோட்டசேவிச் 11 புள்ளியில் ஜெயித்தார். 1849 சட்டம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இந்த இழையின் முதல் குறிப்பில் ஒரு பொய் இருக்கிறது.

மகள் மேடிசனில் படிக்கிறாள். மார்ச் முழுக்கக் கதவு தட்டப் போனாள். அவர்கள் கைபேசியில் வாக்காளர் பட்டியல் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது அதில் இருக்காது. எந்தெந்தத் தேர்தலில் வந்தார் என்பது இருக்கும். ஏதோ வேடிக்கையாக எங்கள் வீட்டு முகவரியைத் தேடியிருக்கிறாள். என் பெயருக்கு நேரே 2016 ஏப்ரல் இருக்கிறது. 2016 நவம்பர் இல்லை.

அன்று செவ்வாய். வேலை முடிந்து கொத்தமல்லியும் தயிரும் வாங்கிக்கொண்டு வந்தேன். வாக்குச்சாவடி வழியில் உள்ள பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். எட்டு மணிக்கு மூடுவார்கள், நான் போனபோது ஏழே கால். வண்டியை நிறுத்தினேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஏழெட்டுப் பேர் தெரிந்தார்கள். பெரிய வரிசை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஏப்ரல் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரியை எதிர்த்து நின்ற சாண்டர்ஸுக்குப் போட்டவள் நான், அவர் எங்கள் மாநிலத்தில் ஜெயித்தும் வேட்பாளர் ஆகவில்லை. அந்தக் கடுப்பு இருந்தது. ஹிலாரிதான் வரப் போகிறார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியிருந்தது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன. கொத்தமல்லி வாசனை வண்டி முழுக்க. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினேன்.

22,748-ல் நான் ஒருத்தி. ஹிலாரி வரவில்லை, கதவு தட்டவில்லை என்றெல்லாம் ஒன்பது மாதமாக நான் வாதாடியது யாருக்காக என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த வாதங்கள் பொய் இல்லை. ஆனால் அன்று வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றுகூட என் மனதில் இல்லை. பிறகு தேடிச் சேர்த்தவை.

5 ஏப்ரல் 2023, மாலை

மகள் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. திரைப்பிடிப்பை மட்டும் அனுப்பினாள், கூடவே ஒரு கேள்விக்குறி.

“வாயைத் திறக்கக் கூடாது என்று நான் சொன்னது உங்களைத்தான் போலிருக்கிறது, மன்னிக்கவும், ஆனாலும் சொன்னது சொன்னதுதான்” என்று எழுதிய டெட்ராய்ட் ஐயாவுக்கு: சரிதான் ஐயா. வாயைத் திறந்துகொண்டேதான் இருப்பேன்.

உப்புமாவில் கொத்தமல்லியா என்று கேட்டவருக்கு: போடலாம், இறக்கும்போது.

9 நவம்பர் 2024

டிரம்ப் ஜெயித்துவிட்டார். மறுபடியும் அதே ஒப்பாரி, அதே ஆள்தேடல். இந்த முறை பட்டியல் நீளம்: காஸாவுக்காகப் பின்வாங்கியவர்கள், இளைஞர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், விலைவாசி, பைடன் வயது. எங்கள் மாநிலத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 29 ஆயிரம். நான் இந்த முறை போட்டேன், பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கன்சாஸ் இரவில் நான் எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். உரிமையைக் கேட்டால் மக்கள் வருவார்கள் என்று துள்ளியிருந்தேன். மிசௌரியைப் பாருங்கள். கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 51.6 சதவீதத்தில் நிறைவேறியது. அதே சீட்டில் டிரம்புக்கு 58 சதவீதத்துக்கும் மேல். அரிசோனா, நெவாடா, மொன்டானாவிலும் இரண்டும் சேர்ந்தே ஜெயித்தன. ஃபுளோரிடாவில் 57 சதவீதம் ஆதரித்தும் 60 வேண்டும் என்ற விதியால் தோற்றது. மக்கள் வந்தார்கள். உரிமையை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள், அந்த உரிமையைக் கவிழ்த்த நீதிபதிகளில் மூவரை நியமித்தவரை இன்னொரு பெட்டியில் ஏற்றினார்கள். இது வராதவர்களின் குற்றமே இல்லை, வந்தவர்களின் வேலை. உரிமைக் கேள்வியை வைத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கட்சியும் கரையேறிவிடும் என்று தலைவர்கள் போட்ட கணக்கு தப்பு. என் கணக்கும் அதுதான், ஆகவே தப்பு.

டெட்ராய்ட் ஐயா இந்த முறை யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா?

2 ஜூலை 2025

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா? இன்று எங்கள் மாநில உச்ச நீதிமன்றம் 1849 சட்டம் செல்லாது என்றுவிட்டது. பிறகு வந்த சட்டங்கள் அதன் இடத்தை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன என்று 4-3 தீர்ப்பு. அந்த நாலில் ஒருவர் 2023 ஏப்ரலில் வந்தவர். மகளும் அவள் தோழிகளும் மழையில் தட்டிய கதவுகள் வழியாக வந்தவர்.

உடனே அவளுக்குத் தொலைபேசினேன். படிப்பு முடிந்து வேலைக்காக டாலஸ் போய் எட்டு மாதமாகிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள், சந்தோஷப்பட்டாள், அலுவலகத்தில் குளிர் அதிகம் என்றாள். டெக்சஸில் கருக்கலைப்புச் சட்டம் எவ்வளவு கடுமை என்று இருவருக்கும் தெரியும், அதைப் பேசவில்லை. அங்கே வாக்காளராகப் பதிந்துகொண்டாயா என்று கேட்டேன்.

“இனிமேல்தான் பதிய வேண்டும் அம்மா” என்றாள்.